புறமுதுகு

காலை ஆறு மணிக்குத் தாதி மரிசெல் வருவார்.
மெல்லிய அங்கி, வெறுங்கால்.
எடைக்கருவியில் ஏறி
அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
எண் அவருக்கு மட்டும்.
எனக்கு ஜன்னல்:
பாதி கட்டிய புளோக், அதன் மேல் ஒரு பளுதூக்கி,
விடியாத வானத்தில் அதன் சிவப்பு விளக்கு.

உயர்நிலை மூன்றில் திரு மாசிலாமணி சொன்னார்:
மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் புண்ணாக்க
அதற்கு நாணிய மன்னன் ஒருவன்
வாளோடு வடக்கிருந்து உயிர் விட்டான்.
வகுப்பே கொட்டாவி விட்டது.
நான் மட்டும் அடிக்கோடிட்டேன்,
செலவழிக்காத மதியக் காசு
சட்டைப்பையில் கனக்க.

இப்போது தினமும் புறமுதுகு.
வெட்கமாயில்லை? என்று கேட்கிறது
உள்ளே இருக்கும் அது.
அதற்கு ஒரு பெயர் வை என்றார் மனநல மருத்துவர்.
வைக்கவில்லை.
பெயர் வைத்தால் சோறும் போட வேண்டும்.

வார்டில் நான் ஒருவன்தான் பையன்.
பார்க்க வந்த மாமா
கட்டில் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார்.
"இது பொம்பளப் புள்ளைங்களுக்கு வர்றதுல்ல?"
மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடிய நாளில்
ஒழுக்கம் என்றார்கள், உறுதி என்றார்கள்,
ஒருவர் என் கன்ன எலும்பைக்கூடப் பாராட்டினார்.
ஓடியது போதும் என்று முதலில் சொன்னது
இதயத்தைக் கேட்ட கருவிதான்.
அது யாருக்கும் மரியாதைக்காகப் பேசுவதில்லை.

சாப்பாட்டு மேசையில் மூன்று பேர்.
முப்பது நிமிடம். கைகள் மேசைக்கு மேலே.
நூருல் ஐன் மீனைக் குடைந்து குடைந்து
முள்ளில்லாத துண்டில் முள் தேடுவாள்.
ஷின் யீக்கு இது மூன்றாவது வருகை;
தாதிகளின் நடையை வைத்தே பெயர் சொல்வாள்.
"தட்டைப் பார்க்காதே, என்னைப் பார்"
என்று தொடங்கி
ஏதோ ஒரு கொரியப் பாடகனின் கோரமான முடியை
இழை இழையாகத் திட்டுவாள்.
அந்தத் திட்டில் என் சாம்பார் சோறு
எப்படியோ இறங்கிவிடும்.
அவளுடையது ஆறிக் கிடந்ததை
கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பார்த்தேன்.
அதற்கு ஈடாக அவளுக்குப் பால்பானம் வந்தது.
அழுதுகொண்டே குடித்தாள்,
நடுவில் எனக்குக் கட்டைவிரலை உயர்த்தி.

அப்பா பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
பளுதூக்கி ஓட்டுகிறார்.
நாற்பது டன் கொள்கலனைக் கப்பலில்
முட்டையைப் போல வைப்பார்.
ஞாயிறு, குடும்பத்தோடு சாப்பிடும் பயிற்சி.
"சாப்பிடுடா" என்று சொல்லக் கூடாது
என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
பதினாறு வருடமாக
அவரிடம் எனக்கென்று இருந்த ஒரே சொல் அது.
கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"மழை வரும்போல" என்றார்.
ஜன்னலில் வெயில் கொளுத்தியது.

வீட்டுக்கு அனுப்பினார்கள்.
குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை;
செவ்வாய்தோறும் வா என்றார்கள்.
அன்றிரவே அம்மா குளியலறை எடைக்கருவியைத்
துண்டில் சுற்றி, செத்த பிராணி போல் தூக்கி வந்தார்.
அப்பா குப்பைக்குழாயின் மூடியைத் திறந்தார்.
பதினோரு மாடி.
இடித்து, இடித்து, நின்று, மறுபடி இடித்து
அது அடங்க நேரமானது.
எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார்.
அம்மா சிரித்தார். நானும்தான்.
சிரித்தபடியே காதைத் தீட்டி வைத்திருந்தேன்,
விழும் வழியெல்லாம் அது சொல்லிப்போன
எண்ணைக் கேட்க.

பிறகு குழாய்க்கு முதுகைக் காட்டி
மேசையில் உட்கார்ந்தேன்.
இட்லி இன்னும் சூடாக இருந்தது.
அப்பா வாயைத் திறந்தார், மூடினார்.
"மழை வரும்போல" என்றேன் நான்.
ஜன்னல் பக்கம் திரும்பாமலே
"ஆமாமா" என்றார்.